நின்று சாப்பிடும் வீடு

1954 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை, மாலை நாலேகால் மணி. பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில் ஓலை வேய்ந்த ஒரு வீட்டுக்குள் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. எல்லார் காலிலும் கமுகம்பாளையை வெட்டிக் கயிறு கோத்த செருப்பு. எல்லார் கையிலும் ஒரு தடி. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது, கையில் கம்பு வைத்திருக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அவர்கள் எங்கேயும் புறப்படவில்லை. சாப்பிடுவதற்காக நின்றார்கள்.

வீட்டுக்காரி பெயர் கிருபாபாய். வயது நாற்பத்தாறு. நடவுக்காலத்தில் வயலில் நாற்று நடுவாள். மற்ற மாதங்களில் ஈற்றல் என்னும் மெல்லிய மூங்கிலைச் சீவிப் பெட்டி முடைவாள். உயரம் குறைவு, குரல் பெரிது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவள். சபையில் பெண்கள் சங்கம் கூடும்போது வேதம் வாசிப்பது அவள்தான். வாசித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டாள், கேள்வி கேட்பாள். செங்கடல் பிளந்தபோது மாட்டு வண்டிகளின் சக்கரம் சேற்றில் புதையவில்லையா? கைப்பிள்ளைக்காரிகள் முன்னே போனார்களா, பின்னே போனார்களா? போதகருக்கே அவள் கையை உயர்த்தினால் கொஞ்சம் பயம்தான்.

நின்று சாப்பிடும் வழக்கம் அவளுடைய கொள்ளுத்தாத்தா சாத்தன் தொடங்கியது. சாத்தன் வயலோடு சேர்த்து விற்கப்பட்ட ஆள். நிலம் கைமாறினால் அவனும் கைமாறுவான், மாடும் கைமாறும். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைகளுக்கு விடுதலை என்று மகாராஜா விளம்பரம் செய்தார். அது மலையாளக் கணக்கில் மிதுன மாதம், நம் ஆனி. ஆனால் சாத்தனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல மனமில்லை. ஒன்றரை மாதம் கழித்து, ஆடியோடு சேர்ந்து வரும் கர்க்கடகம் இருபத்தெட்டாம் தேதி, மழையில் ஒதுங்க வந்த ஒரு உபதேசியார்தான் சொன்னார். சொன்ன கையோடு, பார்வோன் ராஜாவுக்கு அடிமையாயிருந்த இஸ்ரவேல் ஜனங்கள் இடுப்பைக் கட்டி, காலில் செருப்பும் கையில் தடியுமாக அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதையையும் வாசித்துக் காட்டினார்.

அன்று மாலை சாத்தன் குடும்பம் அதே மாதிரி சாப்பிட்டது. புளித்த மாவு கூடாது என்பதால் அரிசிமாவைப் பிசைந்த உடனே சட்டியில் சுட்ட ஒறட்டி. கசப்புக் கீரைக்குப் பதில் பாவைக்காய், அதாவது பாகற்காய். ஆட்டுக்கு வழியில்லை, ஒரு கோழி. செருப்புக்குத்தான் திண்டாட்டம். அடிமை செருப்புப் போடக்கூடாது என்பதால் ஒருவரிடமும் இல்லை. கமுகந்தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த பாளையை எடுத்து வெட்டிக் கட்டிக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்துப் புறப்பட்டார்கள். வரப்பு வரை போனார்கள். அதற்கு அப்பால் எங்கே போவது என்று தெரியவில்லை. நின்றார்கள். மறுநாள் காலை அதே வயலுக்கு, கூலி பேசி, வேலைக்குத் திரும்பினார்கள்.

அது முதல் ஒரு வருஷமும் தவறாமல் கர்க்கடகம் இருபத்தெட்டில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பெண் கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். காலராக் காலத்திலும் நின்று சாப்பிட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை நூறாவது தடவை.

கிருபாபாய்க்கு அந்த வரப்பு மட்டும் உறுத்தல். செங்கடலைத் தாண்டியவர்களின் கதையைக் கேட்டுவிட்டுப் புறப்பட்டவன் இருநூறு அடி நடந்து நின்றுவிட்டான் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம் ஊரெல்லாம் எல்லைப் பேச்சு. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டங்கள், ஊர்வலங்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். காலையில் தமிழில் சண்டை போட்டவர்கள் சாயங்காலம் மலையாளத்தில் சமாதானம் ஆனார்கள். புதன்கிழமை தெற்கே விளவங்கோட்டுப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒரு எண் சொன்னார்கள். அதன் பிறகு போலீஸ் லாரிகள் ஊர் ஊராக ஏறி இறங்கின.

கிருபாபாயின் மகன் தேவகுமார் புதன்கிழமை ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவன். இருபத்துமூன்று வயது. அம்பூரி மலையில் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். சூடு நடந்த அன்றே காட்டு வழியாக அம்பூரிக்கு ஏறிவிட்டான் என்று தகவல் வந்தது. வியாழக்கிழமை அவன் பெயரைச் சொல்லிப் போலீஸ் விசாரித்துப் போனது.

அவன் பிடிபடுவதைவிட, பிடிபட்ட பிறகு நடப்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. போன மாதம் பக்கத்து ஊரில் ஒருவனை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்து, பிறகு கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

தேவகுமார் மலையிலேயே இருந்துவிட்டால் நல்லது. ஆனால் அவன் பிறந்ததிலிருந்து ஒரு கர்க்கடகம் இருபத்தெட்டும் தவறியதில்லை.

"வேண்டாம்," என்றான் அவள் புருஷன் ஈசாக். கூரை ஓடு கொண்டுபோகும் லாரிகளில் சுமை ஏற்றுகிறவன், மலை போன்ற தோள், பூனை போன்ற சுபாவம். "இந்த வருசம் வேண்டாம். உக்காந்து கஞ்சி குடிப்போம். கர்த்தருக்குத் தெரியாதா?"

"கர்த்தருக்குத் தெரியும். எனக்க மவனுக்குத் தெரியுமா? அவன் எப்படியும் வருவான். வந்து பாத்தா அடுப்பு அணைஞ்சு கிடக்கும்."

"வரட்டும், பிடிச்சுக் கொடுப்போம்னு சொல்லுதியா?"

"அவனுக்க வரவ நான் தடுக்க முடியுமா? மலையில ஏறிச் சொல்லுகதுக்கு ஆளு உண்டா? போற வழியெல்லாம் போலீசாக்கும்."

அவளுடைய தம்பி பொன்னையன் குறுக்கே விழுந்தான். சவம் தூக்கப் போன இடத்திலும் சிரிப்புக் காட்டுகிறவன் என்று பெயர். "அத்தான் சொல்லுகதும் நியாயந்தான். பார்வோனுக்க பட்டாளம் ரோட்டுல நிக்குது, நாம இஞ்ச தடியும் செருப்புமா நின்னா, எகிப்துல உள்ளதவிட வேகமா கணக்குத் தீர்த்துப்போடுவான்."

பக்கத்து வீட்டு விலாசினியும் வந்தாள். வருஷாவருஷம் ஒறட்டிக்கு அரிசி இடிக்க உரல் கொடுப்பவள், பகவதிக்கு விளக்கு வைக்கிறவள். "அக்கா, இந்தத் தடவ விடுங்க. அடுத்த வருசம் ரெண்டா வச்சுக்கிடலாம்."

வெள்ளிக்கிழமை காலை கிருபாபாய் மனக்குழப்பத்தோடு வேதத்தை எடுத்து, எகிப்தை விட்டுப் புறப்பட்ட ராத்திரியைச் சொல்லும் அதிகாரத்தை வாசித்தாள். எத்தனையோ தடவை வாசித்ததுதான். ஆனால் ஒரு விஷயம் அன்றுதான் கண்ணில் குத்தியது. புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்துக்கு வந்து மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

"அவிய எப்பம் தின்னாவ, தெரியுமா?"

"எவிய?" என்றான் ஈசாக்.

"இஸ்ரவேல்காரங்க. விடுதல கிடைச்ச பெறவா? இல்ல. தின்னும்போ அவிய அடிமையாக்கும். பார்வோன் இன்னும் போன்னு சொல்லல்ல. கடல் பிளக்கல்ல. வாசலுக்கு வெளிய சாவு நடக்குது. கையில தடி இருக்கு, போற இடம் தெரியாது. அப்பமாக்கும் அந்த விருந்து. நாம இவ்வளவு காலம் கிடைச்சதுக்கு நன்றின்னு தின்னோம். அவிய கிடைக்கும்னு நம்பித் தின்னாவ."

கோழி ஒன்று தன் விதி தெரியாமல் ஈற்றல் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"சூடு நடந்த வாரமாக்கும் இதத் தின்னவேண்டிய வாரம்," என்றாள். "மத்த வருசம் எல்லாம் ஒத்திகை."

பொன்னையன்தான் முதலில் அசைந்தான். "அப்பம் நான் பாளை வெட்டப் போறேன். எனக்குப் பெருவிரல் பெருசு, அளவெடுத்து வெட்டணும்."

அப்படித்தான் நாலேகால் மணிக்குப் பதினோரு பேர் நின்றார்கள். கிருபாபாய், ஈசாக், மகள் விமலகுமாரி, பொன்னையனும் அவன் மனைவியும், மீதி ஆறு பேர் தாயாதிகள். முறம் போன்ற சுளவில் பன்னிரண்டு ஒறட்டி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கோழியும் பாவைக்காயும் வைத்துச் சுருட்டியிருந்தது. ஒரு கையில் தடி இருப்பதால் மறு கையால் மட்டும் தின்ன வசதியாக அப்படிச் சுருட்டுவது வழக்கம். கிருபாபாய் வாசித்து முடித்தாள். எல்லாரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சுளவில் ஒன்று மீந்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

உள்ளே குனிந்து வந்தவர் ஹெட் கான்ஸ்டபிள் சோமன். வடக்கே எங்கோ உள்ளவர், இந்தப் பக்கத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று நாளாக லாரியிலேயே குடியிருப்பவர் போல முகம். சட்டையெல்லாம் மழை. பின்னால் நாலு கான்ஸ்டபிள்கள். அவர் தடிகளைப் பார்த்தார். இடுப்புத் துண்டுகளைப் பார்த்தார். காலில் கட்டியிருந்த பாளைகளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கியதாக நினைத்தார்.

"எங்ஙோட்டாடா எல்லாரும்? ஜாதயா?" எல்லாரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள், ஊர்வலமா என்று கேட்டார்.

ஈசாக்குக்குப் பல் அடித்துக்கொண்டது. "இல்ல ஏமானே, ஏமானே, நாங்க..."

எஜமான் என்பதன் தேய்ந்த வடிவம் அந்த வார்த்தை. சாத்தன் காலத்திலிருந்து நாக்கில் தங்கியது. கிருபாபாய் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மலையாளத்தில், அவசரமில்லாமல், சொன்னாள்: "ஊர்வலம் இல்லை சார். சாப்பாடு."

"சாப்பாட்டுக்கு எதுக்குத் தடி?"

அவள் சொன்னாள். எகிப்து, அடிமை வேலை, செங்கல், பார்வோன், அந்தக் கடைசி நாள், சாத்தன், மழையில் வந்த உபதேசியார் எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. சோமன் இருபது வருஷ சர்வீஸில் கேட்காத பொய் இல்லை. இப்படி ஒன்றை யாரும் இட்டுக்கட்ட முடியாது என்பதுதான் அவரைக் குழப்பியது.

"சரி. தடியைப் போட்டுவிட்டு எல்லாரும் கீழே உட்காருங்கள்."

"முடியாது சார். ஜெபம் முடியாம உக்காரக்கூடாது."

"நான் சொல்கிறேன், உட்கார்!"

ஒருவரும் உட்காரவில்லை. ஈசாக் கையிலிருந்த தடியை இறுக்கி ஊன்றி நிமிர்ந்தான். அவன் மனைவி அதைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதன் ஒரு போலீஸ்காரன் முன்னால் நிமிர்ந்து நின்று அவள் கண்டதில்லை.

சோமன் தலைகளை எண்ணினார். சுளவைப் பார்த்தார். "பதினோரு பேர். பன்னிரண்டாவது யாருக்கு?"

இங்கே கிருபாபாய்க்கு ஒரு வழி இருந்தது, அது அவளுக்கும் தெரியும். எபிரெய மருத்துவச்சிகள் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் பொய் சொன்னார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று அவளே சங்கத்தில் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சிரிக்கவும் வைத்திருக்கிறாள். பன்னிரண்டாவது விலாசினிக்கு என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. கொல்லைப்பக்கம் வாழைத் தட்டைகள் முறியும் சத்தம், ஒரு அதட்டல். கொல்லையில் நின்ற வேறு இரண்டு கான்ஸ்டபிள்கள் தேவகுமாரைக் கைகளைப் பின்னால் மடக்கிப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். இடுப்பில் துண்டு கட்டியிருந்தான். காலில் பாளை. மலையிலேயே வெட்டிக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். சேறு முழங்கால் வரை.

விமலகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நேரமாச்சா?" என்று கேட்டான் தேவகுமார். அதைத்தான் கேட்டான்.

"இல்ல மக்கா. இப்பந்தான் எடுத்தோம்." சோமனைப் பார்த்தாள். "சார், பிடிச்சது பிடிச்சாச்சு. அவன் தின்னட்டு. நாங்களும் தின்னு ஜெபிச்சு முடிக்கட்டு. அஞ்சு மினிட்டு. தின்னாம இந்த வாசல விட்டு எங்க வீட்டு ஆளு போகக்கூடாது."

சோமன் யோசித்தார். வெளியே மழை பிடித்திருந்தது. தலையசைத்தார். கான்ஸ்டபிள்கள் கைகளை விட்டார்கள். ஈசாக் தன் தடியை மகன் கையில் கொடுத்துவிட்டு, மூலையில் கிடந்த நெல் குத்தும் உலக்கையை எடுத்து ஊன்றிக்கொண்டான். பன்னிரண்டு பேரும் நின்று தின்றார்கள். மெல்லும் சத்தமும் மழைச் சத்தமும் மட்டும்.

கிருபாபாய் தன் ஒறட்டியைப் பாதியாகப் பிட்டு சோமனிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்."

"சார், ஒண்ணு சொல்லட்டா?" என்றான் பொன்னையன். "எங்களுக்க செருப்பு பாளை, பெல்ட்டு தோர்த்து, தடி காட்டுக்கம்பு. வேதத்துல சொன்னமாதிரி முறையா உடுத்துக்கிட்டு வந்தவரு இந்த வீட்டுல சார் ஒருத்தராக்கும். இடுப்புல பெல்ட்டு, காலுல பூட்ஸ், கையில லத்தி. தின்னாம நிக்கது சாருக்குச் சேராது."

ஒரு இளம் கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான். சோமன் குனிந்து தன் பெல்ட்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். பாதி ஒறட்டியை வாங்கி, பொறுக்கியது போலப் பாவைக்காயாகவே ஒரு கடி கடித்தார். முகம் சுளித்தது.

"அது அடிமைக் காலத்துக்க ருசி சார். கோழியையும் கூட்டிக் கடிக்கணும்."

அவர் முழுவதும் தின்றார். நின்றபடி தின்றார். கிருபாபாய் ஜெபிக்கும்போது தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை.

ஆமென் சொன்னதும் தேவகுமாரைக் கூட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்கள். அரை மைல் தள்ளி மெயின் ரோட்டில் லாரி நின்றது. அங்கிருந்து ஸ்டேஷன் ஆறு மைல், நெய்யாற்றின்கரைப் போகும் ரோட்டில்.

ஜெபம் முடிந்ததும் இடுப்புத் துண்டை அவிழ்த்துவிட்டு எல்லாரும் பாயில் உட்காருவதுதான் வழக்கம். தொண்ணூற்றொன்பது வருஷமாக அதுதான் வழக்கம். பொன்னையனின் மனைவி பாயை எடுக்கவும் செய்தாள். கிருபாபாய் துண்டில் கைவைத்தாள். முடிச்சு விரலில் தட்டுப்பட்டது.

பாய்க்கு நேரே அவள் பார்க்கவில்லை, வாசலுக்கு நேரே பார்த்தாள். மகன் வாழைகளுக்கு நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தான். இப்போது இரண்டு காலிலும் நடக்கிறான். திரும்பி வரும்போது எப்படி வருவான் என்பது யார் கையிலும் இல்லை. அந்த அறையில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பத்துப் பேர் புறப்படும் கோலத்தில் நின்றார்கள். தடி, செருப்பு, கச்சை. வயிற்றில் சோறு. இனி என்ன பாக்கி?

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வீட்டில் இவளைப்போல ஒருத்தி, இவளைப்போலவே ஒன்றும் தெரியாமல், இப்படி ஒரு வாசலைப் பார்த்து நின்றிருப்பாள். அவளுக்குக் கடல் பிளக்கப்போகிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கடல் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. வாசல் மட்டும் தெரிந்திருக்கும்.

கிருபாபாய் வாசலைத் தாண்டினாள்.

"அக்கா, எங்க?" என்றான் பொன்னையன்.

"உடுத்தாச்சுல்லா? வா."

பத்துப் பேரும் இறங்கினார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. வரப்பு வந்தது. சாத்தன் நின்ற வரப்பு அதுதானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதைக் கவனிக்க நேரமுமில்லை. லாரி புறப்படும் சத்தம் கேட்டதும் கிருபாபாய் நடையைக் கூட்டினாள். வரப்பைத் தாண்டி ரோட்டில் ஏறியபோது லாரி அவர்களைத் தாண்டிப் போனது. பின்பக்கத்திலிருந்து தேவகுமார் அவர்களைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோமனும் பார்த்தார்.

பாளைச் செருப்பு முதல் மைல்கல்லைக்கூடத் தாங்கவில்லை. நனைந்து கிழிந்து ஒவ்வொன்றாக ரோட்டோரம் விழுந்தது. வெறுங்காலோடு நடந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை, பாட்டுகூட இல்லை. இரண்டாம் மைலில் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். விலாசினி. தலையில் ஒரு முறத்தைக் கவிழ்த்திருந்தாள்.

"நீ எதுக்குப் பிள்ளே? உனக்கு இது நோம்பா, நேர்ச்சையா?" என்றாள் கிருபாபாய்.

"உரலு எனக்கதுல்லா அக்கா. அரிசி இடிச்ச உரலுக்கு வழக்குல பங்கு உண்டு," என்றாள் விலாசினி மூச்சு வாங்க.

டீக்கடையில் நின்றவர்கள் கேட்டார்கள், எங்கே போகிறீர்கள்? "பயலப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாவ. பின்னால போறோம்." அவ்வளவுதான் பதில். கேட்டவர்களில் சிலர் கூடவே இறங்கி நடந்தார்கள். தமிழ்நாடு வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு பேர் நடந்துகொண்டே அதைப் பற்றிச் சண்டையும் போட்டார்கள். எகிப்திலிருந்து புறப்பட்டபோது இஸ்ரவேலரோடு பல ஜாதியான ஜனங்களும் கலந்து போனார்கள் என்று ஒரு வரி உண்டு. கிருபாபாய் அந்த வரியை எப்போதும் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவாள். திரும்பிப் பார்த்தாள். மழைக்குள் ரோடு நிறைய ஆள். எண்ணிப் பார்க்க முயன்று அறுபதோடு விட்டுவிட்டாள். யார் கூப்பிட்டது இவர்களை? அவள் கூப்பிடவில்லை.

வெளிச்சம் மங்கும் முன் ஸ்டேஷனை அடைந்தார்கள். வாசலில் பாரா நின்றவன் துப்பாக்கியை நேரே பிடித்தான். கிருபாபாய் தடியைத் தரையில் படுக்கவைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள், ஈசாக்கின் உலக்கை உட்பட.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "என்ன வேண்டும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம் சார்," என்றாள் கிருபாபாய். "அவன விடுங்கன்னு சொல்ல வரல்ல. கேசு இருந்தா கோர்ட்டுல சொல்லட்டு. அவன் உள்ள நடந்து போனத நாங்க பாத்தோம். நடந்து வெளிய வாறதப் பாக்கணும். அதுவர நிப்போம்."

"கூட்டம் கூடக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது, தெரியுமா?"

"தெரியும் சார். எல்லாரையும் உள்ள வைக்கணும்னா வைக்கலாம். வந்தாச்சு."

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார். பாதிக்கு மேல் பெண்கள். வெறுங்கால்கள், சிலதில் ரத்தம். கோஷம் போட்டால் அடித்துக் கலைக்கலாம். கல் எறிந்தால் சுடலாம். சும்மா நிற்பவர்களை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "அப்படியானால் அந்த மரத்தடியில் போய் உட்காருங்கள்," என்றார் கடைசியில்.

"நின்னே பழக்கமாக்கும் சார்," என்றான் ஈசாக்.

அவன்தான் சொன்னான். பொன்னையன் திரும்பி அத்தானைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்ற சோமன், கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், இவர்கள் நிற்போம் என்று சொன்னால் நிற்பார்கள். நான் பார்த்துவிட்டு வந்தேன்." பிறகு இன்னொன்றும் சொன்னார்: "அந்தப் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பொறுப்பு."

முறை வைத்து நின்றார்கள். பதினோரு பேரில் எப்போதும் ஐந்து பேருக்குக் குறையாமல் நின்றார்கள். மற்றவர்கள் பக்கத்துச் சபை மண்டபத்தில் படுத்தெழுந்தார்கள். யாரோ கஞ்சி கொண்டுவந்தார்கள், யாரென்று தெரியவில்லை. சனிக்கிழமை தேவகுமாரை எதிர்ப்பக்கம் இருந்த கோர்ட்டுக்குக் கொண்டுபோனபோது ரோட்டைக் குறுக்கே தாண்டி நடந்து போனான். ஐந்து ஜோடிக் கண்கள் அவன் கால்களையே பார்த்தன. திங்கள்வரை காவலில் வைக்க உத்தரவாகித் திரும்ப நடந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை சுதந்திர தினம். ஸ்டேஷன் முற்றத்தில் கொடி ஏற்றினார்கள். போலீஸ்காரர்கள் அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்றார்கள், இவர்கள் இந்தப் பக்கம். அந்தச் சில நிமிஷம் வேலிக்கு இருபுறமும் வித்தியாசம் தெரியவில்லை. கிருபாபாய் கொடியைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் தேவகுமாரும் எழுந்து நின்றிருந்தான். அவள் உதடு அசைந்தது. என்ன ஜெபித்தாள் என்று விலாசினி பின்னால் கேட்டபோது, "வேண்டுதல் ஒண்ணும் சொல்லல்ல பிள்ளே. பாத்துக்கிட்டு நின்னேன். இவ்வளவு பெரிய காரியத்த நான் பாப்பேன்னு நெனைச்சதில்ல," என்றாள்.

என்ன பெரிய காரியம் என்று விலாசினி கேட்கவில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. தேவகுமார் படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, அம்மாவிடம் நடந்து வந்தான். உடம்பில் ஒரு அடி இல்லை. மழை விட்டதும், அடுத்த வாரம், அம்பூரிக்குப் பால் வெட்டப் போனான்.